அந்த வரியை எழுதியது நான்

ஜூலை 7, திங்கள்

காலை முழுக்க மூடுபனி. பள்ளிக் கொடிக்கம்பம் பாதிதான் தெரிந்தது. துவைத்துப் போட்ட சுடிதார் மூன்று நாளாக ஈரம்.

செய்ய வேண்டியவை: 4ஆம் ஆண்டு பயிற்சிப் புத்தகங்கள் திருத்த. அம்மாவுக்கு இருமல் மருந்து. தர்ஷினிக்குப் புதுப் பாடத்தைப் படம் எடுத்து ஏற்ற. போனுக்கு லைன் கிடைப்பது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை அருகில் மட்டும். அங்கே நின்றால் எல்லாரும் "என்ன டீச்சர், யாருக்கு போன்?" என்பார்கள். ஆறு மணிக்கு மேல் போக வேண்டும்.

தர்ஷினிக்குப் பத்து வயது. கரும்பலகையில் இருப்பதை அச்சடித்தது மாதிரி எழுதுவாள். எழுதியதைப் படிக்கச் சொன்னால் ஒரு சொல் வராது. அந்த அழகான கையெழுத்தால் மூன்று ஆண்டுகள் யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. "வரியெல்லாம் நவுருது டீச்சர்" என்று என்னிடம் சொன்னதே ஏப்ரலில்தான். அன்றிலிருந்து பள்ளி முடிந்து தினம் முக்கால் மணி நேரம், என் பழைய ஹேன்போனில். எல்லாம் இலவசம். படம் எடுத்தால் வாசித்துக் காட்டுவது ஒன்று, மலாயையும் தமிழாக்கிச் சொல்லும். எழுத்தைப் பெரிதாக்கி ஒரு வரியை மட்டும் காட்டி, மற்றதை மறைப்பது ஒன்று. நாம் பேசினால் தட்டெழுதுவது ஒன்று.

வாசிக்கும் குரல் ஒரு பெண் குரல். செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும்.

"இந்தக்கா எங்க இருக்காங்க டீச்சர்? ரிங்லெட் டவுன்லயா?"

"தெரியல."

"சளியே பிடிக்காது போல இவங்களுக்கு."

இன்று போனை அணைத்துவிட்டு, வரிக்குக் கீழே ஒரு காகித அட்டையை வைத்து நகர்த்தி, நாலு வரி தானே படித்தாள். நாலு வரி! யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "சோறு ஆறுது" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

மழை. ஆசிரியர் அறையில் ஒரே ஒழுக்கு, வாளி வைத்தோம்.

தலைமையாசிரியர் ஒரு உறை கொடுத்தார். தர்ஷினியின் அம்மாவுக்கு. மலைக்குக் கீழே ஒரு பள்ளியில் சிறப்பு வகுப்பு, விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். சம்மதம், சம்மதமில்லை, இரண்டு கட்டம். அடுத்த புதனுக்குள் கையெழுத்து. முழுக்க மலாயில்.

நடுவில் 'வகுப்பாசிரியர் கருத்து'. "இம்மாணவியால் எழுத்துகளைக் கற்க இயலாது."

நான் எழுதியது. மார்ச்சில். வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதினொரு படிவம், ஒரே மதியம். பழைய கோப்பில் இருந்த வாக்கியத்தைப் பார்த்து அப்படியே போட்டேன். அப்போது அவளோடு பத்து நிமிடம்கூட உட்கார்ந்ததில்லை.

சிறப்பு வகுப்பு மோசம் என்று நான் நினைக்கவில்லை. அங்கே முறையாகப் படித்த ஆசிரியர் இருப்பார். நான் போனைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவள். ஆனால் இந்த வரியை நம்பி அனுப்புவது சரியில்லை. அவள் அம்மா சாந்தி அக்கா கேள்வி கேட்கமாட்டார். நம் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். தோட்ட ஆபீசில் கணக்குப் பார்க்கும் கிராணி விரல் வைத்த இடத்தில் கையெழுத்து.

மாற்றச் சொல்லலாம் என்று அலுவலக வாசல் வரை போனேன். தலைமையாசிரியர் ஐயா நிமிர்ந்து, "என்ன கோமதி?" என்றார்.

"ஸ்டேப்ளர் வேணுங்க ஐயா."

ஸ்டேப்ளரோடு திரும்பினேன். உறையைத் தர்ஷினியின் பையில் வைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. தலைவலி. தர்ஷினி இன்று ஆறு வரி.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். லயத்து வீட்டு வரிசை முழுக்கத் துணி காய்கிறது.

சாந்தி அக்கா டீ குடிக்கக் கூப்பிட்டார், போனேன். அவர் போனிலும் அந்த வாசிக்கும் ஆப்பை ஏற்றியிருந்தாள் தர்ஷினி. முழுப் பாடம் ஏற்றத்தான் லைன் வேண்டும், ஒரு பக்கத்துக்கு வேண்டாம். வீட்டில் எழுத்துள்ள எதையும் விடவில்லை. மாவு பாக்கெட், உர மூட்டை, இருமல் மருந்து, எல்லாம் செய்திக்குரலில்.

"காலையிலேர்ந்து இதே கூத்துதான் டீச்சர். சாமி காலண்டரக்கூட விடல" என்றார் அக்கா சிரித்துக்கொண்டே.

பிறகு தர்ஷினி அலமாரியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள். அதையும் படம் எடுத்தாள்.

"வகுப்பாசிரியர் கருத்து. இம்மாணவியால் எழுத்துகளைக் கற்க இயலாது."

அதே குரல். மாவு பாக்கெட்டைப் படித்த மாதிரியே, ஒரு வித்தியாசமும் இல்லாமல்.

தர்ஷினி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இது யாரு டீச்சர் எழுதுனது?" என்றார் அக்கா.

"நான்தான்க்கா."

அக்கா என்னைப் பார்த்தார். நான் படித்து வந்த நாளிலிருந்து டீச்சர் என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"நீயா? நம்ம லயத்துப் புள்ள நீ."

அக்கா கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மூணு மாசமா உன்கிட்டதானே வருது. இன்னும் அப்படித்தானா?"

"இல்லக்கா. ஆறு வரி படிக்குது. அன்னிக்கு தெரியாம எழுதிட்டேன்."

"அப்ப மாத்தி எழுது. அதுக்கப்புறம் போடறேன் கையெழுத்து."

டீ ஆடை கட்டியிருந்தது. குடித்துவிட்டுத்தான் வந்தேன். குடிக்காமல் வந்தால் கோபித்துக்கொண்டு போன மாதிரி ஆகிவிடும்.

ஜூலை 15, செவ்வாய்

அலுவலகத்துக்குள் போய்விட்டேன். இந்த முறை ஸ்டேப்ளர் கேட்க முடியாது, ஏற்கெனவே என்னிடம்தான் இருக்கிறது.

"அந்த வரி தப்புங்க ஐயா. நான் எழுதினது தப்பு."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன் படிக்குது, கோமதி. புள்ள படிக்கலையே? நாளைக்கி பரீட்சையில போன் குடுப்பாங்களா?"

ஐயாவின் கண்ணாடி இல்லாமல் ஐயாவால் படிக்க முடியுமா என்று கேட்டிருக்கலாம். அது தோன்றியது வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கும்போது. அங்கே வாயில் வந்தது வேறு. "கொஞ்சம் கொஞ்சமா போன் இல்லாமலும் படிக்குதுங்க. நீங்களே கேளுங்க ஐயா."

கூப்பிட்டார். தர்ஷினி அட்டையோடு வந்தாள். ஐந்து வரி. இரண்டு இடத்தில் நின்றாள், ஒரு சொல்லை விட்டுவிட்டாள். ஐயா அவசரப்படுத்தவில்லை. அதற்கு அவருக்கு நன்றி.

அவள் போன பிறகு: "திருத்தினா உன் பேருலதான் திருத்தணும். முன்ன எழுதினது தப்புன்னு நீயே கையெழுத்து போடற மாதிரி. காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம் வேற. யோசிச்சுக்க."

"போடறேன் ஐயா."



ஜூலை 16, புதன்

தூறல். குளிர்.

நான் எழுதியது (மலாயில், எளிய சொற்களில், போன் தடுமாறாமல் வாசிக்கும்படி): முன்பு எழுதிய கருத்து தவறு. இம்மாணவி மெதுவாகக் கற்கிறார். ஒரு வரி மட்டும் தெரியும்படி வைத்தால் படிக்கிறார். காதால் கேட்டால் முழுப் பாடமும் புரிகிறது. கீழே என் பெயர், கையெழுத்து.

மதியம் அக்கா வேலை உடுப்போடு வந்தார், பூட்ஸில் சேறு. வகுப்புக்கு வெளியே நின்றார். தர்ஷினி படம் எடுத்தாள். செய்திக்குரல் வாசித்தது.

"இன்னொரு வாட்டி போடு."

இரண்டாவது முறையும் கேட்டார். பிறகு என்னிடம்: "சம்மதமில்லைங்கறது எந்தக் கட்டம்?"

நான் காட்டப் போனேன். தர்ஷினி தன் அட்டையை வைத்து, மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை நகர்த்தி, "இதும்மா" என்றாள். சரியான கட்டம்தான்.

அக்கா நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த வருசம் திரும்ப கேப்பாங்களா?"

"கேக்கலாம்க்கா."

"நீங்க இருப்பீங்களா டீச்சர்?"

மறுபடியும் டீச்சர். தெரியவில்லை என்றேன்.

தர்ஷினி போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் சிவப்பாக ஏதோ வந்தது.

"எழுத்து ஒண்ணும் கிடைக்கலயாம் டீச்சர், உங்க மூஞ்சியில."

அக்காதான் முதலில் சிரித்தார்.

கடிதத்தையும் என் தாளையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தேன். நாளை இரண்டையும் ஐயாவிடம் கொடுக்க வேண்டும். ஸ்டேப்ளரையும்.