தோளுக்குப் பின்னால் நடந்தவள்

பிளெய்ன்ஸ்பரோ

அன்பு மகள் பவதாரணிக்கு,

கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே சான்டா கிளாராவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உறங்கினால் அதுவே எனக்குப் போதும். போனில் சொன்னால் பாதியில் "ஓகே அம்மா, காட் இட்" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ரோமாபுரிக் காசின் படத்தைப் பார்த்தேன். எரிகிற ஊரிலிருந்து கிழத் தகப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு, கையில் சாமிச் சிலையோடு நடக்கிற வீரன். தாங்கள் அவன் வம்சம் என்று சொல்லிக்கொள்ளத்தான் ரோமாபுரியை ஆண்டவர்கள் அவனைக் காசில்கூட அடித்தார்கள் என்று எழுதியிருந்தாய். பின்னால் வந்த மனைவி தொலைந்துபோனாள், அவன் திரும்பித் தேடியபோது செத்தவளின் நிழலாகத்தான் கிடைத்தாள் என்றும் எழுதியிருந்தாய். யாழ்ப்பாணத்தை விட்டு ஓடியபோது அப்பா அப்பப்பாவைத் தோளில் வைத்துக் கடல்நீரேரியைக் கடந்த கதையையும் உன் பல்கலைக்கழகப் பேச்சில் சேர்க்கப் போகிறாயாம். சந்தோஷம். அந்தப் படத்தோடு சோபாவிலேயே கண்ணயர்ந்துவிட்டேன், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, கனவில் அது உப்புத் தண்ணீராகி நம் கார்ப்பெட்டில் மெல்ல ஏறியது, முன்னால் அப்பா, தோளில் அப்பப்பா, பின்னால் சோற்றுப் பானையைத் தலையில் வைத்தபடி நான், பானைக்குள் நம் வீட்டுப் பிள்ளையார், வயிற்றில் நீ. பயமே இல்லை, எல்லாம் வெள்ளையாக, சத்தமில்லாமல் நகர்ந்தது.

பிள்ளை, அப்பாவின் கதையில் தண்ணீர் வருஷா வருஷம் உயர்வது உனக்கும் தெரியும், முன்பு முழங்கால், இப்போது கழுத்து. அதை விடு. கதை எப்போதும் அப்பப்பாவைக் கரையில் இறக்கியதோடு முடிந்துவிடும், உண்மையில் அங்கே முடியவில்லை. வயிற்றில் உன்னோடு வந்த நான், நடுத்தண்ணீரில் கால் சேற்றில் புதைந்து நின்றுவிட்டேன், கூப்பிடக் குரல் வரவில்லை, சனம் என்னைத் தாண்டிப் போனது. அப்பா திரும்பி வந்தார். நடக்க முடியாத தகப்பனை முன்பின் தெரியாதவர்களுக்குள் தனியே இருத்திவிட்டு வந்தார், அப்பப்பா கரையிலிருந்து திட்டியது எனக்கே கேட்டது. "ஐயாவைத் தனிய விட்டிட்டு வந்தனான் எண்டு சனத்திட்டச் சொல்லுறதே?" என்று வெட்கப்பட்டுத்தான் முதலில் அந்த இடத்தைச் சொல்லாமல் விட்டார். போன கிழமை தியாகராஜா அங்கிள் வீட்டுப் பிறந்தநாளிலும் அந்த இடம் இல்லாமலே கதையைச் சொன்னார். திரும்பும்போது காரில் நான் அதைக் கேட்க, "நான் திரும்பி வந்தனானோ?" என்று என்னிடமே கேட்கிறார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே. இனி அந்த நினைவு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

அப்பாவைப் புகழ்ந்து பேசு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வீரன் திரும்பிப் போனான், மனைவி உயிரோடு கிடைக்கவில்லை. உன் அப்பா திரும்பி வந்தார், நான் கிடைத்தேன், நீயும் கிடைத்தாய். அதையும் சேர்த்துச் சொல்.

ஃப்ரீவேயில் வேகமாக ஓட்டாதே. பிள்ளையார் உன்னோடு எப்போதும் இருக்கட்டும். மறக்காமல், பேசுவதற்கு முன் அந்த இடத்தை அப்பாவுக்குப் போனில் தமிழில் வாசித்துக் காட்டு, தான் திரும்பி வந்ததை அவர் உன் வாயால் கேட்கட்டும்.

பானையோடு பின்னால் வந்த
உன் அம்மா
ராஜராணி