மஞ்சள் நீர் மறுத்த வாசல்

உடலைத் தந்து, அவ்வுடலுக்குள்ளேயே குடியிருக்கவும் இசைந்த அம்மையே, முதற்கண் உன்னைப் பணிகிறேன்.

மச்சான், இன்று காலை நம் வாவிக்கரைக் கோயில் வாசலில் நல்லெண்ணெய் மணத்தது. மேற்சட்டையைக் கழற்றிய ஓட்டோக்காரர் ஒருவர் தயங்கி நின்றார். அவர் முதுகில் வட்ட வட்டமாய்ச் செந்தழும்புகள்.

"நேற்றுப் பின்னேரம் கோப்பை வைச்சு ரத்தம் எடுத்தனான், ஐயா. இண்டைக்குக் குளிக்கப்படாதாம். வெளியில நிண்டு கும்பிட்டுட்டுப் போறன்."

எனக்கு உன் முதுகே தெரிந்தது.

யுத்த காலம் அது. சோதனைச்சாவடியில் சிப்பாய் ஒருவன் துவக்குப் பிடியால் அடித்த அடியில் உன் தோள் இறுகிப்போயிற்று. கோயிலின் ஆண்டுச் சடங்கிலே கும்பம் சுமப்பது உன் குடும்பத்து உரிமை. அதற்காகவே நாட்டு வைத்தியரான பரிகாரியாரிடம் போனாய். அவர் முதுகில் கோப்பை கவிழ்த்து, கீறி, கெட்ட இரத்தம் எடுத்தார்.

"நாளைப் பின்னேரம் வரைக்கும் தண்ணி படப்படா. பிறகு இளஞ்சூட்டுத் தண்ணியில மேல் கழுவு. சவுக்காரம் போட்டுத் தேய்க்காத. துணியால ஒத்தியெடுத்து நல்லெண்ணெய் பூசு. காயம் ஆறுமட்டும் உப்புத் தண்ணிப் பக்கம் போயிராத."

"அப்ப மீனைக் கரைக்கு வரச் சொல்லுங்க, பரிகாரியார்!" என்று வாவியில் வலை வீசும் நீ சிரித்தாய்.

அன்று மாலையே ஊரடங்கு நேரம் மாறியது. கும்பம் எடுப்பது மறுநாள் காலைக்கே முன்கொண்டுவரப்பட்டது. கும்பம் எடுப்பவர் உப்பு வாவியில் முழுகுவது வழக்கம். கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர் உன் முதுகைப் பார்த்தும் இளகவில்லை.

"முழுகு, இல்லாட்டி உரிமைய விடு."

மஞ்சள் நீர் தெளித்தால் போதுமே என்றேன். ஊரடங்கில் குளிக்கக் கிணற்றடி போக முடியாத நாட்களில் அவரே அப்படித்தான் உள்ளே நுழைந்தார்.

"அது வேற, இது வேற" என்றார்.

நீ முழுகினாய். கீறல்கள் சீழ் பிடித்தன, காய்ச்சல் ஏறியது. ஆசுபத்திரிப் பாதை பூட்டிக் கிடந்தது; மருந்தும் வரவில்லை. என் தங்கையின் மடியில் தலை சாய்த்தபடி, "மச்சான், கும்பம் பழுதில்லாமப் போய்ச் சேந்துதுதானே?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாய்.

என் சினம் இன்னும் ஆறவில்லை. உன்னை அடித்தவனுக்கு உன் பெயர் தெரியாது. முழுகச் சொன்னவரோ உன்னைத் தொட்டிலிலேயே அறிந்தவர். அம்மை கேட்டாளா உன் தோலை? அவள் பெயரால் கேட்க இவர் யார்?

இப்போது வண்ணக்கர் பொறுப்பு என்னிடம். ஓட்டோக்காரரின் தலையில் மட்டும் மஞ்சள் நீர் தெளித்தேன். முதுகில் ஒரு துளியும் விழாதபடி கையால் மறைத்துக்கொண்டேன்.

"உள்ள வாங்க, தம்பி."

இதை வாசிப்போரும் அவர்தம் இல்லத்தாரும் நோயற்று வாழ்க. அவர்கள் வாசல் காயத்தோடு வருவோருக்கு அடைபடாதிருக்க அம்மை அருள்க.