நண்டுக் குழம்பைக் காப்பாற்றிய மலிவு வைன்

அக்கா,

ஃபிரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த சிவப்பு வைனை இப்போதுதான் திறந்தேன். ஸ்ட்ராபெரியும் மழை நனைத்த மண்ணும் கலந்த வாசனை. உடனே உங்கள் ஞாபகம். உயிரோடிருந்தபோதும் பாட்டில் திறக்கும் சத்தம் கேட்டால்தானே வேலியைத் தாண்டி எட்டிப் பார்ப்பீர்கள்!

இங்கே பென்டில் ஹில்லில் என் பக்கத்து வீட்டுக்கு வருமுன் பிரான்சில் இருந்தவர் நீங்கள். பூஜொலே மலைச்சரிவில் ஒரு சிறு கிராமத்தில் திராட்சை பறித்தவர். அந்த ஊரின் லேசான, மலிவான சிவப்பு வைனைத் தவிர வேறெதையும் மதிக்கமாட்டீர்கள். நானோ ஊர் வாய்க்குப் பயந்து அதை எவர்சில்வர் டம்ளரில் குடிப்பேன். "என்னடி, ரசமே குடிக்கிறாய்?" என்பீர்கள்.

மகளின் காதலனுடைய பெற்றோர் முதன்முதலாக மதியச் சாப்பாட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரச் சம்பந்தம் கைகூட வேண்டுமே என்று, கடையிலேயே விலை கூடிய, மை போல அடர்ந்த வைனை வாங்கினேன். கூடவே மதுரைக் காரத்தில் நண்டுக் குழம்பு. ஒரு வாய் நண்டு, ஒரு மடக்கு வைன். அந்த வைன் காரத்தை இன்னும் கிளறிவிட, பையனின் அம்மையார் இருமத் தொடங்கினார். மகள் என்னைப் பார்த்த பார்வையில் அப்பளம் பொரித்திருக்கலாம்.

சமையலறைக்குள் ஓடி உங்களுக்குப் போன் செய்தேன். "அக்கா, கல்யாணமே நின்னுடும் போலிருக்கு!"

"எடி விசரி, உறைப்புக்கு உந்தக் கடும் வைனைக் குடுப்பாங்களே? பொறு, வாறன்."

உங்கள் ஃபிரிட்ஜ் பாட்டிலோடு வந்தீர்கள். "விலையைக் கேளாதை, கேட்டா ஊத்தமாட்டாய்" என்று என் காதில் சொல்லிவிட்டு ஊற்றினீர்கள். சில்லென்ற அந்த வைன் பழச்சாறு போல இறங்கியது, இருமல் அடங்கியது. பிறகு திராட்சை பறித்துக் கூன் விழுந்த கதையை, இடுப்பைப் பிடித்தபடி நடித்தே காட்டினீர்கள். அம்மையார் சிரித்துக்கொண்டே இன்னொரு நண்டு கேட்டார்.

போன வாரம் அதே சம்பந்தியம்மா ஒரு ரகசியம் சொன்னார். நீங்கள் உள்ளே வந்த நேரத்தில், தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிடலாமென்று மேசைக்கடியில் கணவரின் காலை மிதித்துக்கொண்டிருந்தாராம்!

நேரில் நன்றி சொல்லியிருந்தால் "விசர்க்கதை கதையாதை" என்றிருப்பீர்கள். அதனால் இப்படிச் செய்கிறேன்: விருந்தாளிகளை வைத்துக்கொண்டு முழிக்கிறேன் என்று யார் கூப்பிட்டாலும், போட்டது போட்டபடி ஓடுகிறேன். என்னிடம் பிரெஞ்சுக் கதைகள் கிடையாது. நான் அசடு வழிந்த கதைகள் ஏராளம். அவற்றைத்தான் பரிமாறுகிறேன், அக்கா.