முழங்கை உயரம்

ஓக் பார்க், இல்லினாய்
செப்டம்பர் 8, 1974

அன்புள்ள கோரா,

நலம்தானே? உன் அக்கா மேபலின் முதுகுவலி தேவலையா? “ரெண்டு மாசம் அக்காகூட இருந்துட்டு வரேன்” என்று ஏப்ரலில் ரயிலேறினாய். இங்கே மேப்பிள் இலைகள் பழுக்க ஆரம்பித்துவிட்டன. என் கணக்கு தப்பா, உன் கணக்கு தப்பா என்று தெரியவில்லை.

பட்டினி கிடக்கவில்லை. நீ போன வாரத்திலிருந்து தெருப் பெண்கள் மூடிய பாத்திரங்களோடு வந்துகொண்டே இருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கோழியும் நூடுல்ஸும்தான். துக்க வீட்டுக்குக் கொண்டு வருவதுபோல் கொண்டு வருகிறார்களே, அதுதான் பிடிக்கவில்லை.

ஒரு சேதி. நூலகத்தில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். தலைப்பு, எனக்குப் பிடித்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள். மூன்று பேரை எடுத்திருக்கிறேன். முதலில் சல்லிவன். பெரிய வேலைகள் நின்றுபோன கடைசிக் காலத்தில், விவசாயிகள் பணம் போடும் சின்ன ஊர் வங்கிகளைக் கட்டினார். வானுயரக் கட்டடத்துக்குச் செய்த பூவேலையை அந்தச் சின்னச் சுவருக்கும் குறையில்லாமல் செய்தார். அடுத்து நம் ஊர் ரைட். அவர் வீட்டு வாசலில் கூரை தலை தட்டும்போல் தாழ்ந்திருக்கும். இரண்டடி வைத்தால் வீடு கை விரித்து வாங்கிக்கொள்ளும். மூன்றாவது, இந்த மார்ச்சில் போய்விட்ட கான். டெக்சஸில் அவர் கட்டிய அருங்காட்சியகத்தில் வெறும் கான்கிரீட்டின்மேல் வெயில் வெள்ளியாக இறங்குகிறது. அங்கே நின்றபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய், நினைவிருக்கிறதா?

என் உரைகளை எப்போதும் நீதான் திருத்துவாய். இதையும் திருத்தி அனுப்பு. அல்லது நேரில் வந்து திருத்து.

உன்,
எல்வுட்


ஓக்லண்ட், கலிஃபோர்னியா
செப்டம்பர் 19

அன்புள்ள எல்வுட்,

கையைப் பிடித்தது நினைவிருக்கிறது. அன்று பிடித்தது கானுக்காகவும்தான், உனக்காகவும்தான்.

உரை நன்றாக இருக்கிறது. ஆனால் மூவரையும் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாய். சமையலறைக்குப் போகவே இல்லை. ரைட் தன் உயரத்தையே மனித உயரமாக வைத்துக்கொண்டார். நெட்டையர்கள் அவர் வீட்டில் குனிந்துதான் போகவேண்டும். அதையும் சொல்.

இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள். ஒருவர் ஜூலியா மோர்கன். இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் அவர் கட்டியதுதான். வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி கட்டும்போது, அவர்களே சமைத்து விருந்தாளிக்குப் போட சின்னச் சமையலறைகள் வைத்தாராம். குறைந்த கூலிக்காரிகளை ஏன் இப்படிக் கெடுக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். “அதனாலதாங்க” என்று வாயை அடைத்தாராம். இங்கே இப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

இன்னொருவர் லாஸ் ஏஞ்சலிஸின் பால் வில்லியம்ஸ். கறுப்பர். வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் அவர் பக்கத்தில் உட்காரக் கூசுவார்கள் என்று, மேசைக்கு எதிர்ப்புறம் இருந்தபடியே தலைகீழாக வரையக் கற்றுக்கொண்டார். பார்ப்பவருக்கு வீடு நேராகத் தெரியும். அவரைக் குடியிருக்க விடாத தெருக்களில்கூட வீடு கட்டினார். அவமானத்தால் கற்ற வித்தை அது. நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு எரிகிறது. ஆனால் எதிரே இருப்பவருக்காக வரைவது என்பதை மட்டும் நம்மைப்போல் அவமானப்படாதவர்கள் அன்பாலாவது கற்கக் கூடாதா?

இதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு கட்டடக் கலை அலுவலகத்தில் என்னை வரைபட வேலைக்கு நிரந்தரமாகக் கேட்கிறார்கள். நவம்பர் கடைசியில் வரும் நன்றி கூறும் நாளுக்குள் பதில் சொல்லவேண்டும். நானும் உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவள் என்பதே எனக்கு மறந்திருந்தது.

அன்புடன்,
கோரா


ஓக் பார்க்
அக்டோபர் 27

அன்புள்ள கோரா,

நீ சொன்ன இருவரையும் சேர்த்துத்தான் பேசினேன். கைதட்டினார்கள். பிறகு எதிர்வீட்டு ஹாலொரன் அம்மாள் தன் பாத்திரத்தை வாங்கிப் போக வீட்டுக்கு வந்தார். கழுவித் தருகிறேன் என்று தொட்டியடியில் நின்றவர், கை எட்டாமல், சமையல் மேடைக்கு அடியிலிருந்து உன் சிவப்பு ஸ்டூலைக் காலால் இழுத்து அதன்மேல் ஏறிக்கொண்டார்.

“இது மேலடுக்குல சாமான் எடுக்கத்தானே?” என்றேன்.

“நல்லா சொன்னீங்க போங்க. கோரா இதுமேல நின்னுதான் இத்தனை வருஷமும் மாவு பிசைஞ்சா. தெருவுக்கே தெரியும். உங்களுக்கு இடுப்பு உசரம், அவளுக்கு நெஞ்சு உசரம். யாரு சாமி இந்த மேடைய வரைஞ்சது?”

அவர் போனபின் ஸ்டூலைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்புச் சாயம் இரண்டே இடத்தில் போயிருந்தது. இரண்டும் உன் பாதங்கள். ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். விழுந்தது இப்போதுதான் தெரிகிறது.

மேடையை இடிக்கப்போகிறேன். ஆளுக்குச் சொல்லிவிட்டேன். மேடை நிற்பவர் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்கவேண்டும். அந்த அளவைப் போட உட்கார்ந்தபோது, உன் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ பேர் வீட்டை அளந்தவன் நான்.

எழுது. கூடவே புது மேடைக்கு ஒரு வரைபடம் வைத்திருக்கிறேன். தலைகீழாக வரைந்தேன், உன் நாற்காலி எதிரே இருப்பதாக நினைத்துக்கொண்டு. சிரிக்காதே.

எல்வுட்


ஓக்லண்ட்
நவம்பர் 20

அன்புள்ள எல்வுட்,

சிரித்தேன். கோடுகள் குடிகாரன் நடைபோல இருக்கின்றன. மேபல் பார்த்துவிட்டு, “உன் புருஷனுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். பிறகு நான் ஏன் அழுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

அன்று நம் சமையலறைக்கு நீ போட்ட முதல் வரைபடத்தைப் பார்த்து, “கொஞ்சம் உசரமா இல்ல?” என்று கேட்டேன். “ஜன்னலும் மேடையும் ஒரே கோடா ஓடுது கோரா, எறக்குனா கோடு உடைஞ்சிடும்” என்றாய். படம் பிடிக்க வந்த பத்திரிகைக்காரனும் அந்தக் கோட்டைத்தான் புகழ்ந்தான். அன்றைக்கு நான் ஸ்டூலை ஒளித்து வைத்தேன். உனக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதே என்றுதான். இதுவரை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை இத்தனை தூரம் வந்திருக்க மாட்டேன்.

வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் இல்லை. காலையில் பென்சில் சீவும்போது சந்தோஷமாக இருக்கிறது. அதை விட மனமில்லை. அதனால் அந்த மேடையை இப்போது இடிக்காதே. நாளை அங்கே குடிவருகிறவள் எப்படிப்பட்டவளோ, அவளைக் கேட்டு இடிக்கட்டும்.

என் முழங்கை உயரத்தை எழுத மாட்டேன். எழுதினால் கடிதத்தை வைத்துக்கொண்டே கட்டி முடித்துவிடுவாய். இங்கே அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு இருக்கிறது. சமையலறையில் ஒன்றுமே இல்லை, வெறும் சுவர். வீட்டுக்காரர் இஷ்டம்போல் கட்டிக்கொள்ளச் சொல்கிறார். சிகாகோவில் ரயிலேறினால் மாறாமல் ஓக்லண்டிலேயே இறங்கலாம். உன் அழகான வீட்டை விட்டுவிட்டு வர மனம் வருமா என்று யோசித்துக்கொள். வந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு வா. நான் நிற்கிறேன், நீ அளந்துகொள்.

ஸ்டூலைக் கொண்டு வராதே.

உன்,
கோரா