ஒரு டிகிரி கூட்டுவது யார்

அன்புள்ள கண்ணா,

நானும் அப்பாவும் நலம், நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாயா என்பதுதான் என் முதல் கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம். அப்புறம் என்று எழுதினேனே தவிர எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, தைத்துக்கொண்டிருந்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நீ வந்திருந்தபோது கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் போனாயே, நம் ஊர்க் குளிருக்கு ஹீட்டர் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் பெட்டி, அதைப் பற்றித்தான் சேதி. அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. வீட்டோடு மாப்பிள்ளை என்று பெயரே வைத்துவிட்டார், சுவரில் உட்கார்ந்துகொண்டு கரண்ட்டையும் தின்று நம்மையும் அதிகாரம் பண்ணுகிறதாம். தினமும் காலையில் இருபத்திரண்டு டிகிரியை இருபத்தொன்றாகக் குறைப்பார், காபி குடித்து முடிப்பதற்குள் அது மறுபடி இருபத்திரண்டில் நிற்கும், வாய்க்கு வந்தபடி திட்டுவார். பார்த்தீங்களா, உங்க மூட்டுவலி அதுக்குக்கூடத் தெரியுது என்று நான் அதன் பக்கம் பேசுவேன். அந்தப் பாசத்தில் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. தூசு படக்கூடாதென்று மிக்சிக்கும் டிவிக்கும் தைத்த மாதிரி அதற்கும் பஞ்சு வைத்து ஓர் உறை தைத்து மாட்டினேன், எண் தெரிய ஒரு ஜன்னல்கூட விட்டேன். மூன்று நாள் வீடு ஐஸ் பெட்டியாகக் கிடந்தது, அப்பா மப்ளரோடு நடமாடினார்.

ஹீட்டர் மெக்கானிக் வந்து உறையைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே அது மட்டும் கதகதப்பாக இருந்ததால் வீடே சூடாகிவிட்டது என்று ஹீட்டரை நிறுத்திவிட்டதாம். சரி, காலையில் தானாகக் கூட்டிக்கொள்கிறதே, அது என்ன கோளாறு என்று அப்பா கேட்டார். மெக்கானிக் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு, இது தானா கூட்டலைங்க, வெளியூர்ல இருந்து யாரோ போன்ல ஏத்திவிடுறாங்க, நாலு மாசமா ஒரு நாள் தவறலை என்றார். கண்ணா, அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நீ வேலையை விட்டதற்காக இனி என் முகத்தில் முழிக்காதே என்று உன்னைச் சொன்ன மனுஷன், நாலு மாதமாக உன் பேரைக்கூட எடுக்காதவர், அங்க எத்தனை மணிக்கு எழுந்து இதைப் பண்றான் என்று என்னைக் கேட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இப்போது நடக்கிற கூத்தைக் கேள். ஆறு மணிக்கு முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு அந்தச் சுவர்ப் பெட்டி முன்னால் போய் நிற்கிறார். ஒரு டிகிரி குறைக்கிறார். மூட்டு வலித்தாலும் உட்காருவதில்லை. எண் ஏறியதும், பார்த்துட்டான் என்று சமையலறை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறார். முந்தாநாள் வேண்டுமென்றே இரண்டைக் குறைத்தார், நீயும் இரண்டைக் கூட்டினாய், பஸ் ஓட்டின காலத்தில்கூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நீங்களே பேசுங்களேன் என்றால் மட்டும், அவன் பேசட்டும் என்கிறார். வீம்பில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

மகராசனாய் இரு, நினைத்ததெல்லாம் நடக்கட்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை அவர் குறைத்ததும் நீ கூட்டாதே. போன் பண்ணு. பெட்டிக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருப்பார்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா