மூன்று வரிகளுக்கு ஒரே விடை

அன்பு மனைவிக்கு, நான் நலம். நீயும் பாப்பாவும் நலந்தானே? யாருமே நம்பாத கதையொன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன். உங்களை இந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ள நான் எழுதவேண்டிய ஆங்கிலப் பரீட்சைக்காக, நேற்று ஏழு மைல் நீளக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். எனக்குப் பாடம் சொல்லித்தரும் பக்கத்து அறைத் தம்பி, அவர்தான் என் வாத்தியார், மயங்கியே விழுந்துவிட்டார்.

தெளிந்ததும், “மாமா, கேள்வில இருக்கற வார்த்தையவே கட்டுரையில தேடாதீங்க. வேற வார்த்தையில அதே விஷயம் ஒளிஞ்சிருக்கும்” என்றார்.

பழகிப் பார்க்க உன் கடிதத்தை எடுத்தேன். பாப்பா இப்போது அழுவதில்லை. பைக் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவதில்லை. போனில் நான் கூப்பிட்டால் விளையாடப் போய்விடுகிறாள். மூன்று வரிகளுக்கும் பென்சிலால் கோடு போட்டேன். அவள் என்னை மறந்துகொண்டிருக்கிறாள் என்று நீ எங்கேயும் எழுதவில்லை.

என் நீலச் சட்டையை அவள் தலையணைக்கு உறையாகத் தைத்துவிடு. வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. ஏழு மைலும் மயக்கமும் என் புளுகு. பென்சில் கோடு மட்டும் நிஜம்.