ஓடிவந்து வரவேற்ற நாய் தாக்கியதாக எழுதியது குறித்து

அனுப்புநர்:
பை, குடை, ஜிப் பழுது பார்க்கும் கடையின் உரிமையாளர்,
பேருந்து நிலையப் பின்வாசல் தெரு.

பெறுநர்:
கால்நடை நல அலுவலர் அவர்கள்,
நகர நிர்வாக அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: காப்பகத்தில் 14ஆம் எண் கூண்டில் உள்ள ‘துரை’ என்னும் பழுப்பு நிற ஆண் நாயை, ‘தாக்கும் நாய்கள்’ பட்டியலிலிருந்து நீக்கி, வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன் அதை வளர்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. கடை வேலை போக மீதி நேரத்தில், கைவிடப்பட்ட நாய்களை மீட்டு, குளிப்பாட்டி, தடுப்பூசி போட்டு, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பதை ஒன்பது ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இதுவரை நாற்பத்தொரு நாய்கள். பாராட்டுக்காக இதைச் சொல்லவில்லை. நாயைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் மனுவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

2. மூன்று மாதங்களுக்கு முன், என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது. மேசை, நாற்காலி, பூந்தொட்டி எல்லாம் லாரியில் ஏறின. நாய் மட்டும் ஏறவில்லை. பூட்டிய கேட்டுக்கு வெளியே ஒரு கிண்ணத்தையும் பழைய போர்வையையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆறு நாள் அது அந்தப் போர்வையை விட்டு நகரவில்லை. ஏழாம் நாள் நான்தான் தூக்கி வந்தேன். யாரையும் பொருட்படுத்தாமல் கேட்டின் முன் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்து ‘துரை’ என்று பெயர் வைத்தேன்.

3. துரையை ஏற்றுக்கொண்டவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். அடுக்ககத்தின் நான்காவது மாடியில் தனியாக இருக்கிறார். நான் அவரை அண்ணன் என்றே அழைப்பேன். இம்மனுவிலும் அப்படியே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். சாப்பாடு, நடை, தூக்கம் எதிலும் குறையில்லை. ஒரே ஒரு சிக்கல். மாலை ஐந்தரை ஆனால் துரை கதவைப் பிறாண்டும். பழைய வீட்டுக்காரர் வேலை முடிந்து வருகிற நேரம் அது. கதவைத் திறந்தால் நேராக அந்தக் கேட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். கட்டிப் போடுங்கள் என்று நான் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை. “வரமாட்டாங்கன்னு அதுவே தெரிஞ்சுக்கட்டும்மா. நாம ஏன் சொல்லணும்?” என்று, ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தினமும் கூடவே போக ஆரம்பித்தார். நாய் கேட்டைப் பார்த்தபடி உட்காரும், இவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டு எதிரில் உட்காருவார். முதல் வாரம் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தது. பத்தாம் வாரத்தில் அது பதினைந்து நிமிடமாகக் குறைந்திருந்தது. இன்னும் ஒரு வாரத்தில் தானாக நின்றுவிடும் என்று அண்ணன் உறுதியாக இருந்தார். நானும் நம்பினேன்.

4. கடந்த வியாழக்கிழமை நடந்ததை உள்ளது உள்ளபடி சொல்கிறேன். துரை லிஃப்டில் ஏறாது. படியில் இறங்கிக் கீழே நிற்கும். முழங்கால் வலி உள்ள அண்ணன் லிஃப்டில் இறங்குவார். அன்று லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. முப்பது ஆண்டுகள் அடுத்தவரை லிஃப்டிலிருந்து மீட்டவர், இருபது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டார். அடுக்ககத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. துரை கொஞ்ச நேரம் கீழே காத்திருந்து பார்த்துவிட்டு, தனியாகவே கேட்டுக்குப் போயிருக்கிறது.

5. அன்றைக்கென்று பார்த்துப் துரையை விட்டுப்போன அந்தப் பழைய வீட்டுக்காரர், இத்தனை நாள் கையில் வைத்திருந்த வாடகை வீட்டுச் சாவியை ஒப்படைக்க வந்திருந்தார்.

6. எதிர் மருந்துக்கடைக் கேமராவில் ஒரு நிமிடம் நாற்பது நொடி பதிவாகியுள்ளது. துரை ஓடுகிறது. அவரை மூன்று சுற்றுச் சுற்றுகிறது. முன்னங்கால்களை அவர் மார்பில் வைக்கிறது. அவர் தள்ளுகிறார். மறுபடி வைக்கிறது. பிறகு அவர் செருப்பின் மேல் தலையை வைத்து, மல்லாந்து படுத்து, வயிற்றைக் காட்டுகிறது. அவர் முழங்கையில் நகம் கீறியது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தங்கள் அலுவலகப் புகார்ப் படிவத்தில் “அடையாளம் தெரியாத தெருநாய் பாய்ந்து தாக்கியது” என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். அன்றே தங்கள் அலுவலக ஆட்கள் துரையைப் பிடித்துக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் தொலைபேசியில் கேட்டபோது, “அது எங்க நாயே இல்லைங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். ஐயா, ஒன்பது ஆண்டுகளில் கால் உடைந்த நாயைப் பார்த்திருக்கிறேன், வெந்நீர் ஊற்றப்பட்ட நாயைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு வரியைப் படித்தபோது வந்த அளவுக்கு எனக்குக் கோபம் வந்ததில்லை.

7. துரையின் பழைய கழுத்துப்பட்டை என் கடைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் தகட்டில் உரிமையாளரின் கைப்பேசி எண் உள்ளது. புகார்ப் படிவத்தில் இருப்பதும் அதே எண்தான்.

8. இதில் என் தவறும் இருக்கிறது. மீட்டு வந்த அன்றே பழைய பட்டையைக் கழற்றிவிடுவது என் வழக்கம். புதுப் பட்டையை நானே தைப்பேன். ஆனால் புது வீட்டில் மூன்று மாதம் முழுதாக முடிந்த பிறகுதான் கட்டுவேன். முன்பு ஒரு நாய் மூன்று வீடுகளிலிருந்து, மூன்று பட்டைகளோடு திரும்பி வந்தது. அதிலிருந்து எனக்குப் பயம். பெயர் தைத்துக் கட்டினால் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள் என்று ஒரு மூட எண்ணம். துரையின் பட்டை என்றோ தைத்து முடித்து மேசை இழுப்பறையில் கிடந்தது. அதைக் கட்டியிருந்தால் நாய் பிடிப்பவர்கள் அண்ணனை அழைத்திருப்பார்கள். வெறுங்கழுத்தோடு விட்டது நான். அந்தத் தண்டனை நாய்க்குப் போகக் கூடாது.

9. காப்பகத்தில் போய்க் கேட்டேன். “கேமராவெல்லாம் நாங்க பாக்கறதில்லைம்மா, ஃபார்ம்ல என்ன இருக்கோ அதான்” என்றார் எழுத்தர். அவர் மேல் வருத்தமில்லை. அவருக்கு மேல் தாங்கள் இருக்கிறீர்கள். பட்டியலில் உள்ள நாய்களுக்குப் பிடித்த நாளிலிருந்து ஒன்பதாம் நாள் சாகடிக்கும் ஊசி என்றும் அவரே சொன்னார். ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை.

ஆகவே, பதிவைத் தாங்களே ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் நாற்பது நொடிதான். பார்த்த பிறகும் அதைத் தாக்குதல் என்று தாங்கள் சொன்னால் நான் வாயைத் திறக்கமாட்டேன். இல்லை என்றால், துரையைப் பட்டியலிலிருந்து நீக்கி அண்ணனிடம் விட உத்தரவிட வேண்டுகிறேன். எந்த உறுதிமொழியானாலும் இருவரும் கையெழுத்திடத் தயார்.

ஒரு செய்தி மட்டும் தங்கள் பார்வைக்கு. அண்ணன் இப்போது மாலை ஐந்தரைக்கு மடக்கு நாற்காலியைக் காப்பக வாசலில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே விடுவதில்லை. முப்பது நாய் ஒன்றாகக் குரைத்தாலும் துரையின் குரல் தனியாகத் தெரியும் என்கிறார். நேற்று அந்தக் குரல் கேட்கவில்லை என்று எனக்கு இரண்டு முறை போன் செய்தார். அவருக்குச் சொல்வதற்குத் தங்கள் பதிலைத்தான் எதிர்பார்த்திருக்கிறேன்.

நாள்: புதன்கிழமை, காலை 10.20
இடம்: தங்கள் அலுவலகக் காத்திருப்பு அறை

இப்படிக்கு,
(கையொப்பம்)
பை, குடை பழுது பார்ப்பவர்

இணைப்பு:
அ) கேமராப் பதிவு.
ஆ) புகார்ப் படிவத்தின் நகல்.
இ) பழைய கழுத்துப்பட்டை, தகட்டுடன்.
ஈ) புதுக் கழுத்துப்பட்டை, துரையின் பெயரும் அண்ணனின் எண்ணும் தைத்தது. இது சான்றுக்காக அல்ல. கூண்டைத் திறந்ததும் அதன் கழுத்தில் கட்டுவதற்காக.